கணவாய்க்கு அந்தப் பக்கம் இருந்த அத்தை

மஸ்கட்டிலிருந்து மதுரை வரை என்னைக் கொண்டுவந்து சேர்த்த விமானங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மதுரையிலிருந்து கம்பம் வரை கொண்டுபோய் விடுவதாகச் சொன்ன பேருந்தைப் பற்றித்தான் சொல்ல இருக்கிறது. தேனிக்கு இரண்டு மைல் இருக்கும்போது டயர் வெடித்தது. ஸ்டெப்னி இல்லையா என்று கேட்டேன்.

"ஸ்டெப்னிதான் சார் வெடிச்சது" என்றார் கண்டக்டர். ஏதோ சாதனையைச் சொல்வது போல இருந்தது குரல்.

நாற்பது பேர் இறங்கிப் புளியமரத்து நிழலில் நின்றோம். மஸ்கட்டில் கம்பெனி வேன் ஐந்து நிமிடம் பிந்தினால் நான் வேலை பார்க்கும் சரக்குக் கிட்டங்கி ஆட்கள் மேலாளர் அறைக்கு முன்னால் போய் நின்றுவிடுவார்கள். இங்கே ஒருவர் துண்டை விரித்துப் படுத்தே விட்டார். பின்னால் வந்த வண்டியில் எல்லோரும் ஏறிக்கொண்டோம். கம்பம் வரை நின்றுகொண்டே வந்தேன். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் காமயகவுண்டன்பட்டி. அதிலும் நின்றுகொண்டேதான்.

2007ஆம் வருடம் மே மாதம் அது. அத்தையின் முதல் நினைவு நாளுக்காக அண்ணன் என்னை வரவழைத்திருந்தார். "ஏலே, பெருசா செய்யணும்டா. நீ இல்லாட்டி நல்லா இருக்காது" என்று போனில் சொன்னவர், வைப்பதற்கு முன்னால், "ஒன்கிட்ட அத்தை போட்டோ இருக்குமே, அதையும் கொண்டா" என்றார். வீட்டில் அத்தையின் படம் என்று இருந்தது வாக்காளர் அட்டையில் இருந்த ஒன்றுதான். அதில் அவர் யார் மாதிரியும் இருந்தார், அவர் மாதிரி மட்டும் இல்லை. ஆக, அண்ணனுக்குத் தேவைப்பட்டது நானல்ல, போட்டோ.

அத்தை என் அப்பாவின் அக்கா. கல்யாணமான வருடமே கணவர் இறந்துவிட்டார். நர்ஸ் படிப்பு முடித்து, மேகமலையில் ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் இருந்தார். பள்ளத்தாக்கு முழுக்க அவருக்கு ஒரே பெயர், நர்சம்மா. வெளிர் நிறச் சேலை, நெற்றியில் திருநீறு. டவுன் பஸ்ஸில் அவர் ஏறினால் முன் இருக்கையில் இருக்கும் ஆண்கள் தாமாக எழுந்து பின்னால் போவார்கள்.

1996இல் நான் மஸ்கட் கிளம்பியபோது ஒரு பழுப்பு உறையைக் கையில் கொடுத்தார். உள்ளே அவர் ஊர் சுற்றிய படங்கள். "வெளிநாடு போறவன் நீயே வச்சுக்க. இங்கன இருந்தா எலி கடிச்சிரும்" என்றார். பதினோரு வருடத்தில் அந்த உறையை இரண்டு முறை திறந்து பார்த்திருப்பேன். பெட்டிக்கு அடியில் எதையாவது தேடும்போது.

அன்று மாலை மதினி இட்லியும் கோழிக் குழம்பும் கொடுத்தார். கூடவே தோட்டத்துத் திராட்சை ஒரு தட்டு. "நல்லாக் கழுவிட்டுத் தின்னுங்க கொழுந்தனாரே, மருந்தடிச்சு நாலு நாள்தான் ஆச்சு" என்று உபசரித்தார். நான் உறையைப் பிரித்து மேசையில் படங்களைப் பரப்பினேன்.

தாஜ்மகாலுக்கு முன்னால் அத்தை. பூரி கடற்கரையில் கணுக்கால் வரை சேலையைத் தூக்கிப் பிடித்தபடி அத்தை. நேபாளத்தில் ஒரு குரங்கை முறைத்துக்கொண்டிருக்கும் அத்தை. எல்லாப் படத்திலும் இன்னொரு பெண், குட்டையாக, சற்றுப் பருமனாக, முக்காடு போட்டுக்கொண்டு. டார்ஜிலிங் படம்தான் பெரியது, தெளிவானது. பனிமூட்டத்தில் இரண்டு பேரும் சேலைக்கு மேல் ஸ்வெட்டர், காலில் கேன்வாஸ் ஷூ. அத்தை கறுப்புக் கண்ணாடி போட்டு, தலையைச் சாய்த்து அந்தப் பெண்ணின் மேல் சாய்ந்திருந்தார். அந்தப் பெண்ணின் கை அத்தையின் தோளில் இருந்தது.

அண்ணன் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"என்னடா இது, பொட்டு வச்சிருக்காக."

"பூவும்" என்றார் மதினி, தாழ்ந்த குரலில்.

அண்ணன் மற்ற படங்களையும் பார்த்தார். எல்லாவற்றிலும் பொட்டு இருந்தது, பூ இருந்தது. பரீட்சையில் காப்பியடித்தவனைப் பிடித்த வாத்தியார் மாதிரி அவர் முகம் ஆகிவிட்டது.

"பக்கத்துல இது யாரு?"

"தெரியல" என்றேன். உண்மையாகவே தெரியாது. நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"தெரியாத ஆளு நமக்கு எதுக்கு" என்று மதினியின் தையல் கத்திரியை எடுத்து, டார்ஜிலிங் படத்தை நடுவில் வெட்டினார். அந்தப் பெண் கீழே விழுந்தார். அவர் கை மட்டும் அத்தையின் தோளிலேயே தங்கிவிட்டது. நான் திராட்சை தின்றுகொண்டிருந்தேன். இதை எழுதும்போது அதை விட்டுவிட ஆசையாகத்தான் இருக்கிறது.

"மத்ததையெல்லாம் ஆரு கண்ணுலயும் காட்டாத. கிழிச்சுப் போட்ரு. செத்தவுகளுக்குன்னு ஒரு மருவாதி இருக்குல்ல" என்றார் அண்ணன்.

நான் மற்ற படங்களை உறைக்குள் போட்டு என் பையில் வைத்துக்கொண்டேன். கிழிக்கவில்லை. அதை வீரம் என்று சொல்ல முடியாது, சோம்பல்தான்.

இரண்டாம் நாள் கம்பத்தில் ஒரு ஸ்டுடியோ. பிளெக்ஸ் பேனர் வந்த பிறகு எங்கள் ஊர்ப்பக்கம் செத்தவர்களுக்கு ஓய்வே கிடையாது. மஸ்கட்டில் சுல்தானின் படத்தைத்தான் இவ்வளவு பெரிதாகப் பார்த்திருக்கிறேன். கம்பத்தில் காதுகுத்து வைத்த குழந்தைக்கே இருபது அடி. ஸ்டுடியோ உரிமையாளர் கணினி முன்னால் சர்ஜன் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

முதலில் பொட்டு போனது. பிறகு பூ. ஸ்வெட்டர் பட்டுச் சேலையானது. தோளில் இருந்த கையை அவர் ஒரு நிமிடத்தில் அழித்துவிட்டார். கறுப்புக் கண்ணாடியை எடுத்ததும் அங்கே கண் இல்லை.

"கண்ணு வேற வைக்கணும்ணே" என்றார்.

"எதை வைப்பீக?" என்று கேட்டேன்.

"போன மாசம் ஒரு பெரியம்மாவுக்கு அஞ்சலி போட்டோம். நல்ல கண்ணு. அத எடுத்து வச்சிரலாம்."

வைத்தார். என் அத்தை வேறு யாரோ ஒரு பெண்ணின் கண்களால் என்னைப் பார்த்தார். அந்தப் பெரியம்மா உயிரோடு இருந்தபோது மிகவும் அடக்கமானவராக இருந்திருக்க வேண்டும்.

சாய்ந்திருந்த தலையை நிமிர்த்தப் பார்த்ததில் கழுத்து நீண்டு ஒட்டகச்சிவிங்கி ஆனது. "சாஞ்சே இருக்கட்டும், சாந்தமா இருக்கு" என்று அண்ணன் சமாதானமானார். பனிமூட்டத்துக்குப் பதில் ஓர் அருவி. மேலே இரண்டு புறா. கீழே வரிசையாகக் கைகூப்பியபடி அண்ணன், மதினி, அவர்கள் மகள்கள், கடைசியில் பாஸ்போர்ட்டிலிருந்து எடுத்த நான். கைது செய்யப்பட்டவன் மாதிரி இருந்தேன். வாசகத்தை அண்ணனே எழுதி வைத்திருந்தார். 'எல்லை தாண்டா உத்தமியே, மலையே உலகென வாழ்ந்தவளே.'

"அத்தை டார்ஜிலிங் வரைக்கும் போயிருக்காகண்ணே" என்றேன்.

"அது ஊருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் என்ன?"

வெளியே வந்து பேருந்து நிலையத்தில் டீ குடித்தோம். சர்க்கரையில் கொஞ்சம் டீ இருந்தது.

மூன்றாம் நாள் அண்ணனுக்குக் கூட்டம் பற்றிய கவலை வந்தது. மாவட்டத்துப் பெரிய மனிதர் ஒருவர் வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். நாற்காலிகள் காலியாக இருக்கக் கூடாது. "மேல போயி எஸ்டேட் ஆளுகளைக் கூப்பிட்டு வா" என்று என்னை மேகமலைக்கு அனுப்பினார்.

சின்னமனூரிலிருந்து ஜீப். எட்டுப் பேர் உட்கார வேண்டிய இடத்தில் பதினான்கு பேர், இரண்டு மூட்டை அரிசி, ஒரு கேஸ் சிலிண்டர். அதைச் சாலை என்று சொல்பவர்கள் சாலையைப் பார்த்திருக்க மாட்டார்கள். பாதி வழியில் வண்டி புகைந்தது. டிரைவர் இறங்கி ஓடைத் தண்ணீரைப் பிளாஸ்டிக் குடத்தில் பிடித்து ஊற்றிவிட்டு, "அதுக்கும் தாகம் எடுக்கும்ல" என்றார். இதே பாதையில்தான் அத்தை மாதம் ஒருமுறை இறங்கி எங்களைப் பார்க்க வந்துவிட்டு, மறுபடி ஏறிப் போவார். களைப்பாக இருக்கிறதா என்று நாங்கள் கேட்டதாக நினைவில்லை. பிஸ்கட் வாங்கி வந்தீர்களா என்று கேட்டிருக்கிறோம்.

தொழிலாளர் லைன் வீடுகளுக்குப் போவதற்குள் கால் விரலிடுக்கில் இரண்டு அட்டைகள் ஏறிவிட்டன. ஆஸ்பத்திரியைக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்த பாக்கியத்தைக் கண்டுபிடித்தேன். அத்தை இருந்த காலத்திலிருந்து அங்கேயே வேலை பார்ப்பவர். என் காலைப் பார்த்துவிட்டு, உப்பு எடுத்து வந்து அட்டைகளின் மேல் தூவினார். விஷயத்தைச் சொன்னேன்.

"வாரோம், வராம என்ன. இங்கன பாதிப் பேரு அவுக கையில பெறந்தவுகதான்" என்றார். பிறகு, "டீச்சரம்மாவுக்குச் சொல்லிட்டீகளா?" என்று கேட்டார்.

"எந்த டீச்சரம்மா?"

பாக்கியம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மைமூன் டீச்சர். உத்தமபாளையம். பரிச்சை லீவு விட்டா இங்கன வந்துருவாக. ரெண்டு பேரும் சேந்துதான ஊர் ஊராப் போவாக. நர்சம்மா சாவுக்குக்கூட வந்து ஓரமா நின்னுட்டுப் போனாகளே. ஒங்க வீட்டு ஆளுக ஒருத்தரும் ஒக்காருங்கன்னு சொல்லல."

"நான் அப்ப மஸ்கட்டுல இருந்தேன்" என்றேன்.

"ஆமா, நீங்க வரல" என்றார் பாக்கியம்.

நான்காம் நாள் உத்தமபாளையம். ஆட்டோக்காரர் "மைமூன் டீச்சரா, நமக்குத் தெரியாதா" என்று தைரியம் சொல்லி, முதலில் ஒரு தையல் டீச்சர் வீட்டிலும், பிறகு மைமூன் என்ற பெயருள்ள ஒரு மளிகைக் கடையிலும் கொண்டுபோய் நிறுத்தினார். மூன்றாவது முயற்சியில் கதவைத் திறந்தவரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. முக்காட்டுக்குள் முடி முழுக்க வெளுத்திருந்தது. குட்டையாக, பருமனாக, அதே முகம்.

நான் பெயரைச் சொல்வதற்குள், "மஸ்கட்டு" என்றார். "வாப்பா, உள்ள வா."

நெய்ச்சோறும் தால்சாவும் போட்டார். வந்த நாளிலிருந்து குறை சொல்ல முடியாத சாப்பாடு அது ஒன்றுதான். கை கழுவிவிட்டு உறையைக் கொடுத்தேன். அவர் எழுந்து போய் அலமாரியிலிருந்து தன்னுடைய உறை ஒன்றை எடுத்து வந்தார்.

"அந்தந்த ஊரு போட்டோக்காரன்கிட்ட வெலாசம் குடுத்துட்டு வந்தா தபாலுல அனுப்புவான். ஒரு படந்தான். ஒரு வருசம் அவுக ஆஸ்பத்திரி வெலாசம், ஒரு வருசம் என் வெலாசம். அப்படிப் பங்கு போட்டுக்குவோம்" என்றபடி, இரண்டு உறைகளிலிருந்தும் படங்களை மாற்றி மாற்றித் தரையில் அடுக்கத் தொடங்கினார்.

ஆக்ராவில் அவர் விரல் நின்றது. "இங்கதான் லாட்ஜுக்காரன் ரூம் தர மாட்டேன்னுட்டான். ஆம்பள தொணை இல்லாம ரெண்டு பொம்பளைக்குக் குடுக்க மாட்டானாம். ஒங்க அத்தை நாலு வார்த்தை இந்தி படிச்சு வச்சிருந்தாக. எங்க ரெண்டு பேரு வீட்டுக்காரரும் அடுத்த ரயிலுல வாராகன்னு சொல்லிச் சாவிய வாங்கிட்டாக."

"வராட்டி கேட்டிருப்பானே."

"அவன் எங்க கேக்க. மூணு நாளும் சாயங்காலம் ஒங்க அத்தை கீழ எறங்கிப் போயி, இன்னுமா ரயிலு வரல, என்னய்யா ரயிலு விடுறீகன்னு அவன்கிட்டச் சண்டை போட்டாக. கடைசி நாளு அந்த ஆளு எங்க ரெண்டு பேருக்கும் டீ வாங்கிக் குடுத்து, தைரியமா இருங்கம்மான்னு ஆறுதல் சொன்னாரு."

அத்தை சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. பொய் சொல்லியும் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் அவர் அதிகம் பேசவே மாட்டார். பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்.

"உங்க வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்ல மாட்டாரா டீச்சர்?"

"அவுகதான் பெட்டியத் தூக்கிட்டு பஸ்ஸு வரைக்கும் வருவாக. போய்ச் சேந்ததும் கார்டு போட்டாப் போதும்பாக. மவுத்தாகி அடக்கம் பண்ணிப் பத்து வருசமாச்சு."

பூவைப் பற்றிக் கேட்கத் தயக்கமாக இருந்தது. அவரே சொன்னார்.

"மதுர பஸ்ஸு ஆண்டிபட்டி கணவாய் தாண்டுனதும் பைக்குள்ள இருந்து பொட்ட எடுத்து வச்சுக்குவாக. பூவ நான் வச்சு விடுவேன். திரும்பி வரையில அதே கணவாய்ல பூவ எடுத்து சன்னலுக்கு வெளிய விட்டுட்டு, திருநீறு பூசிக்குவாக. அதுக்கப்புறம் சின்னமனூர் வர்ற வரைக்கும் பேச மாட்டாக. நானும் பேச மாட்டேன்."

வருடத்தில் ஓர் இருபது நாள் இருக்கும். கணவாய்க்கு அந்தப் பக்கம் இப்படி ஒரு பெண் இருந்தாள் என்பதே தெரியாமல், இந்தப் பக்கம் நாங்கள் மரியாதையாக எழுந்து நின்றுகொண்டிருந்திருக்கிறோம். எலி கடித்துவிடும் என்று அவர் சொன்னது எந்த எலியை என்பது எனக்கு அந்தத் தரையில் உட்கார்ந்திருந்தபோது புரிந்தது.

படங்களின் வரிசையில் ஓரிடத்தில் அவர் கை தயங்கியது. பூரிக்கும் நேபாளத்துக்கும் இடையில்.

"டார்ஜிலிங் எங்கப்பா? அது அவுக வருசம்."

"அண்ணன் பெருசு பண்ணக் குடுத்திருக்காரு டீச்சர்" என்றேன். சொல்லின் அளவில் அது பொய்யில்லை.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நானும் பெருசா வருவேனா?"

நான் தண்ணீர் குடித்தேன். உறையை அவரிடமே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மறுநாள் அவசியம் வர வேண்டும் என்று அழைத்துவிட்டு வெளியே வந்தேன். வராமல் இருந்தால் நல்லது என்றும் நினைத்துக்கொண்டேன். பதினோரு வருடம் கிட்டங்கியில் கணக்காகப் பேசிப் பழகியவனுக்கு ஒரு கிழவியிடம் ஓர் உண்மையைச் சொல்ல வரவில்லை.

ஐந்தாம் நாள் விழா. நினைவு நாள் என்று சொல்ல முடியாத அளவுக்கு ஒலிபெருக்கியும் தோரணமும். பந்தல் வாசலில் பேனர். காற்று அடிக்கும்போதெல்லாம் அத்தையின் சாய்ந்த தலை ஆமாம் ஆமாம் என்று ஆடியது. மேகமலையிலிருந்து மூன்று ஜீப்பில் பெண்கள் வந்து இறங்கினார்கள். பேனரை நிமிர்ந்து பார்த்தவர்களில் ஒருத்தி, "இது ஆரு பாக்கியக்கா?" என்று கேட்டதை என் காதால் கேட்டேன். பாக்கியம் வாசகத்துக்கு மேலே இருந்த பெயரைக் காட்டி, "நர்சம்மான்னு எழுதியிருக்கு, அப்ப நர்சம்மாதான்" என்றார்.

பதினோரு மணிக்கு டவுன் பஸ்ஸிலிருந்து டீச்சர் இறங்கி வந்தார். ஜீப்பில் வந்த பெண்கள் எல்லோரும் பந்தலை விட்டு எழுந்து அவரிடம் போய்விட்டார்கள். "டீச்சரம்மா, மெலிஞ்சிட்டீகளே" என்று ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் நிரப்பி வைத்திருந்த நாற்காலிகள் காலியாகின.

டீச்சர் பேனருக்கு முன்னால் வந்து நின்றார். முதலில் அவர் கண்கள் அத்தையைப் பார்க்கவில்லை. அத்தைக்குப் பக்கத்தில் தேடின. அங்கே அருவி கொட்டிக்கொண்டிருந்தது. பிறகுதான் முகத்தைப் பார்த்தார்.

"கண்ணு அவுக கண்ணு இல்லையேப்பா" என்றார்.

நான் பேனரின் அவிழ்ந்த கயிற்றை இழுத்துக் கட்டினேன்.

"என் மேல சாஞ்சு நின்னாக. இப்ப எது மேல சாஞ்சிருக்காக?"

அண்ணன் வேர்த்து விறுவிறுத்து வந்தார். "ஏலே, யாருடா அந்தம்மா? பேனர மறைச்சுக்கிட்டு நிக்கிறாக. பெரியவர் வர்ற நேரம். ஓரமா நிக்கச் சொல்லு."

அண்ணன் மெதுவாகப் பேசத் தெரியாதவர். டீச்சருக்கு அது கேட்டது. பாக்கியத்துக்கும் கேட்டது.

"நீங்க கத்திரியில வெட்டிப் போட்ட பாதி அவுகதாண்ணே" என்றேன்.

அண்ணனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பேனரைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திரும்பி, சமையல் பக்கம் நின்ற மதினியை அழைத்தார்.

"அந்தத் துண்டு எங்க?"

"எந்தத் துண்டு?"

"போட்டோத் துண்டு. அன்னைக்கு வெட்டுனது."

"அதையா? கூட்டிப் பெருக்கி வெந்நி அடுப்புல போட்டாச்சே" என்றார் மதினி. பிறகு எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பெரியவரின் கார் வந்து நின்றது. ஒலிபெருக்கியில் யாரோ அண்ணனின் பெயரைச் சொல்லி மேடைக்கு அழைத்தார்கள். அண்ணன் போகவில்லை. ஐந்து நாளில் முதல் முறையாக அவரை ஏளனமாகப் பார்க்க என்னால் முடியவில்லை. பக்கத்தில் கிடந்த நாற்காலி ஒன்றை இழுத்துத் துண்டால் துடைத்து, "ஒக்காருங்க டீச்சர்" என்றார். "தெரியாமப் போச்சு."

டீச்சர் உட்கார்ந்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

"அது கெடக்கட்டும் தம்பி, விடுங்க" என்றார். "அந்தப் படத்துல நான் கண்ண மூடியிருந்தேன். நல்லாவே இருக்காது."

அண்ணனின் முகம் லேசானது. மேடைக்குப் போனார்.

நான் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன். அண்ணன் அதில் பார்த்தது பொட்டையும் பூவையும்தான்; வெட்டிப் போட்ட அந்த முகத்தை நினைவில் வைத்திருப்பது இப்போது டீச்சரும் நானும்தான். அவர் கண்களை நன்றாகத் திறந்து, அத்தையைப் பார்க்காமல், நேராக எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.